நாட்டலும் பேணலும்

நல்லதை விரும்பாமையால் மனிதன் கெடுவது குறைவு. விரும்பிய நல்லதைத் தொடர்ந்து செய்யாமையாற் கெடுவதே பெரும்பான்மை. சிறந்த சொற்பொழிவொன்றைக் கேட்ட மாலையிலும், பெரியார் ஒருவரின் சரித்திரத்தைப் படித்து முடித்த இரவிலும், பரீட்சை முடிவு வெளிவந்த நாளிலும் நம் உள்ளத்தில் ஓர் எழுச்சி தோன்றுகின்றது. நாளை முதல் வேறு மனிதனாவேன் என்று உறுதி கொள்கின்றோம். அவ்வுறுதி பொய்யன்று, ஆயினும் அது நெடுநாள் நிலைப்பதில்லை. எழுச்சி ஏன் தேய்கின்றது? அதனை நிலையான மாற்றமாக ஆக்குவது எவ்வாறு? இவ்விரண்டுமே ஈண்டு ஆராயப்படுவன.

விடையை நூல்களில் மட்டுமன்றி நம் நாட்டுக் கரையோரச் சேற்றிலும் காணலாம். புத்தளத்திற்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் தென்னெல்லையை அடுத்துள்ளது எலுவன்குளம். கலா ஓயா அவ்வூர்ப் பக்கமாகச் சென்று புத்தளக் களப்பின் வடபாகத்திற் கலக்கின்றது. அக்கழிமுகத்திலுள்ள கண்டற்காடு இலங்கையின் பெரிய கண்டற்காடுகளுள் ஒன்று. அதனை எவரும் ஒரு நாளில் நாட்டினாரல்லர். நன்னீரும் உவர்நீரும் கலக்குமிடத்தில், நீர் ஏறி வற்றும் அளவிற்கு இயைய, அது தானே முளைத்துத் தானே பெருகியது.

மனிதர் நாட்டிய கண்டல்களின் வரலாறு வேறு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபின், கண்டல் கரையைக் காக்கும் என்னும் எண்ணம் நாடெங்கும் பரவிற்று. அரசாங்கத் திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் நாட்டும் பணியில் முனைந்தன. அப்பணி தொடங்குவதற்கு எளிது. தாய்மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும் நாற்றைச் சேற்றில் ஊன்றினாற் போதும். பலர் கூடினால் ஒரு காலைப் பொழுதில் ஆயிரக்கணக்கில் ஊன்றிவிடலாம்.

பின்னர் நிகழ்ந்தது யாது? இலங்கையிலும் பெல்ஜியத்திலுமுள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 23 இடங்களில் நடைபெற்ற 67 முயற்சிகளை ஆராய்ந்து, 2017ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் மேற்கொள்ளப்பட்ட பணியில் 200 முதல் 220 ஹெக்டேயரே பயன் தந்தது. 9 இடங்களில் ஒரு நாற்றேனும் எஞ்சவில்லை. பாதிக்கு மேற்பட்டவை பிழைத்த இடங்கள் கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு என்னும் மூன்றே.

காரணங்களும் புலனாயின. பொருந்தாத மட்டத்தில் நாட்டியது ஒன்று. மாடுகள் மிதித்தும் மேய்ந்தும், பாசி படிந்தும், பூச்சி அரித்தும் அழிந்தமை மற்றொன்று. நாட்டியபின் பேணிய இடங்களிலோ பிழைத்தவை மிகுந்தன. நாட்டியவர்களின் ஆர்வத்திற் குறையில்லை. ஆர்வம் முழுவதும் நாட்டிய நாளிலேயே செலவாயிற்று. மறுநாளைக்கு அதில் எதுவும் மீதியாக வைக்கப்படவில்லை. நம் தீர்மானங்களின் வரலாறும் இதுவேயன்றோ?

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடங்கள் மூன்று.

முதலாவது, இடமறிதல். நள்ளிரவு வரை விழித்திருக்கும் வழக்கமுடைய மாணவன், நாளை முதல் நான்கு மணிக்கு எழுந்து படிப்பேன் என்பது வெள்ளம் மூடும் சேற்றில் நாற்றூன்றுவதை ஒக்கும். முன்னரே வேரூன்றிய வழக்கமொன்றன் பக்கத்திற் புதியதை வைத்தல் வேண்டும். மாலையில் முகங்கழுவி விளக்கேற்றியதும், அதே மேசையில், ஐந்து பக்கம் எனத் தீர்மானித்தால் அத்தீர்மானத்திற்கு ஊன்றி நிற்க ஓரிடம் கிடைக்கும்.

இரண்டாவது, பேணற்காலத்தின் அளவறிதல். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 பேரை வைத்து நடத்தி 2010ஆம் ஆண்டில் அச்சிட்ட ஆராய்ச்சியொன்றில், ஒரு சிறு செயல் தானாகவே நிகழும் பழக்கமாவதற்கு நடுத்தர அளவாக 66 நாள்கள் சென்றமை கண்டனர். சிலருக்கு 18 நாள் போதியதாயிற்று. சிலருக்கு 254 நாள் ஆகும் எனக் கணிக்கப்பட்டது. ஒரு நாள் தவறியமையாற் பழக்கம் பெரிதும் கெடவில்லை என்பதும் அவர்கள் கண்ட உண்மை. ஆகவே பதினைந்தாம் நாளிற் சலிப்புத் தோன்றினால், நான் உறுதியற்றவன் என்று மனம் முறியற்க. காலம் இன்னும் நிறையவில்லை என்று கொள்க. தவறிய நாளை எண்ணி வருந்துவதினும் மறுநாள் தவறாமையே நன்று.

மூன்றாவது, வேலியிடல். மாட்டைக் கடிந்து பயனில்லை. வேலியில்லாதது நம் குறை. படிக்குங்காற் கைத்தொலைபேசியை அடுத்த அறையில் வைப்பதும், தீர்மானத்தை நண்பன் ஒருவனுக்கு அறிவித்து வாரந்தோறும் கணக்குச் சொல்வதும் சிறு வேலிகள். மனவலிமை குன்றிய நாளிலும் அவை காவல் நிற்கும்.

அங்ஙனமாயின் எழுச்சியாற் பயனில்லையோ எனின், உண்டு. அஃதின்றி ஒரு நாற்றும் ஊன்றப்படாது. எழுச்சி நின்றபின் வேண்டப்படுவனவற்றை, அது நிற்குமுன் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நாம் சொல்வது. வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், நல்லுணர்ச்சி தோன்றியவுடனே அதற்கியைந்த செயலொன்றைச் செய்க என வற்புறுத்தினார். அவ்வாறு முதலிற் செய்யத்தக்க செயல் இடமும் நேரமும் வேலியும் வகுத்தலேயாம்.

திருவள்ளுவர் அதிகாரங்களை வைத்த முறையும் ஈண்டு நோக்கத்தக்கது. ஊக்கமுடைமை 60ஆம் அதிகாரம். அதனோடு அவர் நின்றுவிடவில்லை. மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என மூன்றதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஊக்கம் தோன்றியபின் சோம்பல் வரும். அதனை வென்றால் உழைப்பு வேண்டும். உழைக்குங்கால் இடையூறு வரும். ஊக்கம் கடக்கவேண்டிய வழி முழுவதையும் இவ்வரிசையிற் காணலாம்.

கல்லூரி விழாக்களும் எழுச்சி பொங்கும் நாள்களே. நூல்நிலையத்திற்கு நூல் தருவோம், வறிய மாணவர்க்கு உதவுவோம் எனப் பழைய மாணவர் உறுதி கூறுவர். நன்கு கற்போம் என இன்றைய மாணவர் உள்ளத்துட் சபதம் செய்வர். இம்மலரை வாசிக்கும் அன்பர் ஒவ்வொருவரும் அங்ஙனம் கொண்ட உறுதிகளுள் ஒன்றையேனும் தேர்ந்து, அதனைப் பேணும் நாளும் பொழுதும் துணையும் இன்னவென்று இன்றிரவே எழுதி வைப்பாராக. விழாப் பந்தல் பிரிக்கப்பட்டபின் தொடங்குவதே உண்மையான வேலை.