கண்புரைச் சிகிச்சையும் கிருமித்தடையும்

முதுமையிற் கண்ணின் வில்லை ஒளி புகாவாறு மங்குதலைக் கண்புரை என்பர். புரை என்னுஞ் சொல்லுக்குக் குற்றம் என்பதும் ஒரு பொருளாதலின் பெயர் பொருத்தமானதே. எம் கல்லூரியின் பழைய மாணவரிற் பலர் அக்குற்றந் தோன்றும் வயதினை எய்திவிட்டனர். இப்பொழுது பயில்வோர்க்கோ வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ உளர். ஆதலின், விழா மலரில் இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டதை எவரும் குறைகூறார் என நம்புகின்றோம்.

மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்துஞ் சத்திரசிகிச்சை பெரும்பாலும் அரைமணி நேரத்துள் முடிவது. அரிதாயினும் அஞ்சத்தக்கது பின்னர் வருங் கிருமித்தொற்றே. கிருமி எங்கிருந்து வருகின்றது? வைத்தியசாலையையும் ஆயுதங்களையுமே பலரும் ஐயுறுவர். அவற்றால் வருதலும் உண்டு. ஆயினும் பெரும்பாலும் அது நோயாளியின் இமையோரத்தில் நெடுங்காலங் குடியிருந்த பற்றீரியாவே. வெளியே தீங்கு செய்யாதிருந்த அது, கீறலின் வழியே உள்ளே புகுந்ததும் பகையாகின்றது. கண்ணினுள் நிறைந்திருக்கும் பாகு போன்ற பொருளில் இரத்தக்குழாய்கள் இல்லாமையால், உடலின் காவற்படை அங்கே விரைந்து சென்று சேர்வதில்லை. பார்வை சில நாட்களில், சிலபொழுது சில மணி நேரத்திலேயே, அழியக்கூடும்.

இதனைத் தடுக்கும் முதற்காவல் அயடீன் கலந்த கரைசல். சத்திரசிகிச்சைக்குச் சற்று முன்னர் அதனைக் கண்ணில் விட்டுச் சில நிமிடங்கள் பொறுத்திருப்பர். விலை மலிவானது, சிறிது எரியும். அதனை வேண்டாமென்று மறுத்தல் தகாது.

இரண்டாங் காவல் அன்ரிபயோற்றிக் மருந்து. அதனை எவ்விடத்தில் இடுவது என்பதே நெடுநாள் வழக்காயிருந்தது. சொட்டுமருந்தைக் கண்ணீர் கழுவிச் செல்லும். எஞ்சியதிலும் சிறிதளவே கண்ணின் முன்படலத்தைக் கடக்கும். அங்ஙனமாயின், சிகிச்சை முடியுந் தறுவாயிற் கண்ணின் முன்னறைக்குள்ளேயே மருந்தை விட்டால் என்ன? சுவீடன் நாட்டு வைத்தியர் அவ்வாறே செய்து நற்பயன் கண்டனர். பின்னர் ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் 16,000க்கு மேற்பட்ட நோயாளரிடையே இது பரிசோதிக்கப்பட்டது. ஒரு மில்லிகிராம் செபுறொக்சிம் உள்ளே விடப்படாதோர்க்குத் தொற்று ஏறக்குறைய ஐந்து மடங்காயிருந்தது. பயன் இத்துணைத் தெளிவானபின் சிலர்க்கு மருந்தை மறுப்பது அறமன்று எனக் கண்டு, 2006 இல் ஆய்வை இடையிலேயே நிறுத்தினர். அந்நிறுத்தத்தையே யாம் அவ்வாய்வின் சிறந்த பகுதியென மதிக்கின்றோம்.

நம்மவர்க்கு அண்மையிலுள்ள சான்று மதுரையிலிருந்து வருகின்றது. 1976 இல் டொக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, மொக்சிபுளொக்சசின் என்னும் மருந்தை இம்முறையிற் கையாண்டது. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட கண்களின் கணக்கு 2017 இல் வெளியாயிற்று. மருந்து விடப்படாத கண்களிற் பதினாயிரத்துக்கு ஏழாயிருந்த தொற்று, விடப்பட்டவற்றில் இரண்டாயிற்று. ஏழும் இரண்டும் சிறிய எண்கள்தாமே என்பார்க்கு, அவ்வெழுவருள் ஒருவர் தம் தந்தையாராயின் எண் சிறிதன்று என்போம்.

மருந்தின் அளவு பிழைத்தால் விழித்திரைக்கே கேடு நேரும். பென்சிலின் ஒவ்வாதவர் அதனை வைத்தியருக்கு முன்னரே கூறல்வேண்டும். வீடு திரும்பியபின் கைகழுவாது கண்ணைத் தொடுதலும், கிணற்றுநீரைத் தலையில் வார்த்துக் கண்ணை நனைத்தலும், வைத்தியர் விடைதரும்வரை ஆகா.

இனி, எமக்குத் தமிழ் பயிற்றிய முதிய ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சொல்லாதிருத்தல் இயலவில்லை. சிகிச்சை முடிந்த நான்காம் நாள் அவர் கண் சிவந்து நொந்தது. முதல்நாட் கண்ட தெளிவும் குறைந்தது. "வெட்டின கண் நோகாமல் இருக்குமோ?" என்று அவர் பொறுத்திருந்தார். வீட்டார் நந்தியாவட்டைப் பூவின் சாற்றைப் பிழிந்து விட்டனர். மூன்று நாட் கழித்து வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றபோது, கண்ணினுள் ஊசிவழி மருந்தேற்றினர். கண் நின்றது; பார்வை நிற்கவில்லை. கையசைவு மாத்திரந் தெரிகின்றது. நோவு தோன்றிய அன்றே சென்றிருந்தால் காப்பாற்றியிருத்தல் கூடும் என்றார் வைத்தியர்.

சில ஆண்டுகளின் பின் மற்றைக் கண்ணையுஞ் சிகிச்சைக்குக் கொடுத்தார். அன்று யாமும் உடன் சென்றிருந்தோம். ஆசிரியர் வைத்தியரை நோக்கி முதற்கண் வினவியது, "முடிவில் உள்ளுக்கு மருந்து விடுவீர்களோ?" என்பதே. "விடுவோம் ஐயா, நொந்தால் இரவென்றும் பாராமல் வாருங்கோ" என்றார் அவ்விளைஞர்.