தண்ணீர் கொதிக்க எவ்வளவு கேஸ்?

ஆரம்பப் பள்ளியில் படித்த பெருக்கலும் வகுத்தலும் மறக்காதவர் எவரும் இந்தக் கணக்கைப் போடலாம். எனக்கு இதைப் போட நேர்ந்தது ஒரு சந்தேகத்தினால்.

கம்போங் மேடானில் என் கடை ஓரத்தில் தேநீர் அடுப்பு ஒன்று உண்டு. 14 கிலோ கேஸ் சிலிண்டர் நான் நினைத்ததற்கு வெகு முன்னதாகவே தீர்ந்து வந்தது. கொண்டுவந்து போடும் தம்பி மீது சந்தேகங்கொண்டு, நாலு பேர் முன்னிலையில் கேட்டும் விட்டேன். அவர் கோபப்படவில்லை. "நிறுத்துப் பாருங்க அண்ணே" என்றார். அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினேன். சிலிண்டரில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்தால், சரியாக 14 கிலோ. அப்படியானால் கேஸ் எங்கே போகிறது?

1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடேற்ற 1 கிலோகலோரி உஷ்ணம் வேண்டும். நம் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 28 டிகிரி. கொதிப்பது 100 டிகிரியில். ஏற வேண்டியது 72. என் பானை 20 லிட்டர். ஆகவே 1,440 கிலோகலோரி. 1 கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 11,000 கிலோகலோரி உண்டாகும். அதில் பாதிதான் பானைக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; மீதி ஓரமாக ஏறிக் காற்றோடு போய்விடும். 1,440ஐ 5,500ஆல் வகுத்தால் 0.26 கிலோ, அதாவது 260 கிராம். இவ்வளவு சொற்பத்திற்கா சிலிண்டர் தீரும்?

தீராது. நான் கணக்கில் விட்டது வேறு. கொதிக்கத் தொடங்கிய தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. அதன்பின் கொடுக்கும் உஷ்ணமெல்லாம் அதை ஆவியாக்கவே செலவாகிறது. கிளாஸ்கோ நகரில் ஜோஸப் பிளாக் என்பவர் 1760களிலேயே இதை விளக்கியிருக்கிறார். 1 லிட்டர் ஆவியாக 540 கிலோகலோரி! அதே லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 72 போதும். ஏழரை மடங்கு.

என் பானையோ காலை 6 மணி முதல் 11 மணி வரை மூடியில்லாமல் தளதளவென்று கொதித்துக் கிடக்கும். (ஆவி பறந்தால்தான் ஆள் வருவார்கள் என்பது என் எண்ணம்.) ஒரு நாள் ஊற்றிய தண்ணீரையும் எடுத்த தண்ணீரையும் அளந்து எழுதினேன். கணக்கில் அகப்படாமல் போனது 6 லிட்டர். அதற்கு 3,240 கிலோகலோரி; கேஸாகச் சொன்னால் சுமார் 590 கிராம். 30 நாளைக்கு 17 கிலோவுக்கு மேல். மாதம் ஒரு சிலிண்டருக்கும் அதிகமாகக் கூரைக்கு அனுப்பியிருக்கிறேன்!

இப்போது மூடி போடுகிறேன். கொதித்ததும் தீயைக் குறைத்துவிடுகிறேன். நாலு பேர் முன்னிலையில் சந்தேகப்பட்டதால், அந்தத் தம்பியிடம் தவறு என்னுடையதே என்பதையும் நாலு பேர் முன்னிலையிலேயே சொன்னேன்.

விருந்துக்கு விறகடுப்பு மூட்டும் சகோதரர்களுக்கு: காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோகலோரி, திறந்த அடுப்பில் பத்தில் ஒரு பங்கு பானைக்குச் சேர்ந்தாலே நல்லது. 100 லிட்டருக்கு 18 கிலோ விறகு எடுத்து வையுங்கள். மழை நாளென்றால் இன்னும் கொஞ்சம்.