ஆர்க்கிள் சுமந்த ஈயம்

அப்டன் பார்க், லண்டன்

அன்புள்ள மருமகளுக்கு,

நன்றாக ஓடுகிற குதிரையின் மேல் ஈயத்தை ஏற்றுவது என்ன நியாயம் என்று போனில் சண்டைக்கே வந்துவிட்டாய். பேசினால் உன் சத்தம்தான் ஜெயிக்கும், அதனால் எழுதுகிறேன். உன்னைப் பந்தயம் கட்டவைக்க அல்ல. இங்கே கிரீன் ஸ்ட்ரீட்டில் புடவைக் கடைகளுக்கு நடுவே பெட்டிங் கடைகளும் உண்டு. அங்கிருந்து வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே போதும், ஆசை விட்டுப்போகும்.

அந்த ஏற்பாட்டுக்கு ஹாண்டிகேப் என்று பெயர். குதிரை இதுவரை ஓடியதை வைத்து ஓர் அதிகாரி அது சுமக்கவேண்டிய எடையைக் குறிப்பார். ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறுவார். எடை குறைந்தால், சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். ஓடி முடித்ததும் சேணத்தைக் கையில் தூக்கிக்கொண்டு மறுபடி தராசுக்கு வரவேண்டும். இடையில் எடை குறைந்திருந்தால் ஜெயித்தது செல்லாது. கிண்டியிலும் இந்த வழக்கம் இருந்தது, ஆனால் அது வெறும் சமதள ஓட்டம். அயர்லாந்துக்காரர்கள் உயிரை விடுவது தடை தாண்டும் ஓட்டத்துக்கு. பெரிய பந்தயங்கள் சில மூன்று மைலுக்கு மேலும் போகும். வழியெல்லாம் பிர்ச் மர விளாறுகளை நெருக்கிக் கட்டிய, நெஞ்சளவு உயர வேலிகள். சிலவற்றுக்கு முன்னால் பள்ளம் வேறு.

இந்த ஓட்டத்தில் ஆர்க்கிள் என்ற குதிரையை மிஞ்சியது எதுவும் இல்லை என்பார்கள். 1957இல் பிறந்தது. 1960இல் டப்ளின் ஏலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் டச்சஸ் ஆன் 1,150 கினி கொடுத்து வாங்கி, ஸ்காட்லாந்து மலை ஒன்றின் பெயரை வைத்தார். பழக்கியவர் டாம் டிரீப்பர், ஜாக்கி பாட் டாஃப். தீவனத்தோடு கின்னஸ் பீரும் உண்டு. (உன் பாட்டியிடம் இதைச் சொல்லாதே.)

செல்டன்ஹாம் கோல்டு கப் என்ற பந்தயத்தில் குதிரையின் திறமையைப் பார்த்து எடை ஏற்றுவதில்லை. 1963இல் அதை வென்ற மில் ஹவுஸ் மலைபோன்ற குதிரை. அந்த நவம்பரில் நியூபரியில் ஆர்க்கிள் ஒரு வேலியைத் தாண்டி இறங்கும்போது கால் வழுக்கித் தோற்றது. ஜெயித்தது மில் ஹவுஸ். ஆனால் 1964 கோல்டு கப்பில் ஆர்க்கிள் அதை ஐந்து குதிரை நீளம் முந்தியது, அடுத்த ஆண்டு இருபது நீளம். 1966இல் முப்பது நீள வித்தியாசத்தில் மூன்றாவது கோப்பை. அதுவும் பாதி வழியில் ஒரு வேலியைச் சரியாகத் தாண்டாமல் மார்பால் முட்டிக்கொண்டு போன பிறகு.

இங்கேதான் உன் கேள்விக்கு வருகிறேன். சம எடையில் ஓடினால் முதலில் வந்தது எது என்று தெரியும். அதன் பலத்தின் எல்லை தெரியாது. அதைக் காட்டியது ஈயம்தான். 1964 அயர்லாந்து கிராண்ட் நேஷனலில், இரண்டாவதாக வந்த குதிரையைவிட 30 பவுண்டு கூடுதலாகச் சுமந்தும் ஆர்க்கிள் ஜெயித்தது. அந்தப் பந்தயத்துக்கு அதிகாரிகள் இரண்டு எடைப் பட்டியல் போட்டார்கள்: ஆர்க்கிள் ஓடினால் ஒன்று, ஓடாவிட்டால் இன்னொன்று. ஆர்க்கிளின் தரத்தை அளவாக வைத்து எடை குறித்தால் மற்ற குதிரைகளெல்லாம் குறைந்தபட்ச எடையிலேயே குவிந்துவிடும். அவற்றுக்குள் எது மேல், எது கீழ் என்று பிரிக்கவே முடியாது. சுமை அதை வீழ்த்தியதும் உண்டு. 1966 நவம்பரில் ஸ்டால்பிரிட்ஜ் கொலோனிஸ்ட் என்ற குதிரையிடம் அரை நீளத்தில் தோற்றது. அன்று ஆர்க்கிளின் முதுகில் கூடுதலாக இருந்தது 35 பவுண்டு, நாலு வயதுப் பிள்ளை ஒன்றின் எடை! அந்தத் தோல்வியை அதன் பெரிய ஓட்டங்களில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

அதே ஆண்டு டிசம்பர் 27, லண்டனுக்கு மேற்கே கெம்ப்டன் பார்க் பந்தயத் திடல். ஓட்டத்தின் நடுவில் குளம்புக்குள் இருக்கும் எலும்பு முறிந்தது. முறிந்த காலோடு மீதி வேலிகளையும் தாண்டி ஒரே நீளத்தில் இரண்டாவதாக வந்தது. அதன்பின் ஓடவில்லை, 1970இல் இறந்தது.

டைம்ஃபார்ம் என்ற தரவரிசை வெளியீடு ஆர்க்கிளுக்கு 212 கொடுத்தது. தடை தாண்டும் குதிரைகளில் இன்றுவரை அதுவே உச்சம். அந்த எண்ணும் பவுண்டுக் கணக்கில்தான். அடுத்த இடம் 210, ஃப்ளையிங்போல்ட். அதுவும் டிரீப்பரின் லாயத்துக் குதிரைதான். வித்தியாசம் இரண்டே பவுண்டு. ஆனால் அவை இரண்டும் ஒரு பந்தயத்தில்கூட எதிரெதிரே ஓடவில்லை.

அன்புடன்,
மாமா