தழைச்சத்தின் ஓராண்டுப் பயணம்

"ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்" என்பது நம் உழவர்களிடையே வழங்கும் பழமொழி. ஆட்டு எருவின் பயன் இட்ட ஆண்டிலேயே பயிரில் தெரியும். மாட்டு எருவின் பயன் தெரிய அடுத்த ஆண்டு ஆகும் என்பது இதன் பொருள். இரண்டுமே புல்லும் தழையும் தின்னும் கால்நடைகளின் கழிவுதானே? பின் ஏன் இந்த வேறுபாடு?

விடை காண ஒரு சிறு பண்ணைக்குச் செல்வோம். இரண்டு ஏக்கர் நிலம், இரண்டு பசுக்கள், சில ஆடுகள், கிணற்றடியில் காய்கறித் தோட்டம். இங்கே தழைச்சத்து ஓராண்டில் செல்லும் வழியைப் பின்தொடர்வோம்.

தழைச்சத்து என்பது நைட்ரஜன். காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜனே. ஆனால் அதன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மிக வலுவாகப் பிணைந்துள்ளன. ஆகவே பயிர்களால் அதை நேராகப் பயன்படுத்த இயலாது. மண்ணில் அமோனியம் உப்பாகவோ நைட்ரேட்டாகவோ இருந்தால்தான் வேர்கள் அதை உறிஞ்சும்.

சித்திரை: கிடையும் குப்பைக்குழியும்

கோடையில் வயல் வெறுமையாகக் கிடக்கும். அப்போது இரவில் ஆடுகளை வயலிலேயே அடைத்து வைப்பார்கள். இதுவே 'கிடை போடுதல்'. சொந்த ஆடுகள் போதாவிட்டால் கீதாரிகளின் மந்தையை அழைப்பதும் உண்டு. புழுக்கையுடன் சிறுநீரும் வயலிலேயே விழுகிறது. சிறுநீரில் உள்ள யூரியாவை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அமோனியாவாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அமோனியா ஒரு வாயு. வெயிலில் எளிதில் பறந்துவிடும். கிடை போட்ட நிலத்தைக் காலம் கடத்தாமல் உழுவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

மாட்டின் கதை வேறு. சாணம் குப்பைக்குழிக்குப் போகிறது. சிறுநீரோ பெரும்பாலும் தொழுவத் தரையில் ஊறி வீணாகிறது. பசு வெளியேற்றும் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி சிறுநீரில்தான் இருக்கிறது! குழியில் சேரும் சாணத்திலும் வைக்கோலிலும் கார்பன் மிகுதி, நைட்ரஜன் குறைவு. இவற்றைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள், தங்கள் உடலைக் கட்டுவதற்கு நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அவை மடிந்த பிறகே அது மண்ணுக்குத் திரும்பும். சரியாக மக்காத எருவை இட்டால் பயிர் வெளிறிப் போவதும் இதனால்தான்.

ஆகவே மாட்டு எரு மெதுவாகப் பயன் தருவதில் நமக்கும் பங்கு உண்டு. விரைவில் பயன் தரும் பாதியை நாம் தொழுவத்திலேயே இழந்துவிடுகிறோம். தொழுவத்தில் உலர்ந்த மண்ணைப் பரப்பி, சிறுநீர் ஊறியபின் அதை அள்ளிக் குழியில் போட்டு, மேலே மண்ணிட்டு மூடினால் இந்த இழப்பு பெரிதும் குறையும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

ஆடி: காற்றிலிருந்து வரவு

ஆடிப்பட்டத்தில் கத்தரி, வெண்டையுடன் அவரையும் தட்டைப்பயறும் விதைக்கிறார்கள். அவரை இனச் செடிகளின் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் என்னும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. செடி இவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. இவை காற்று நைட்ரஜனை அமோனியாவாக மாற்றிச் செடிக்குத் தருகின்றன. 1886-88 ஆண்டுகளில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ரீகல், வில்ஃபார்த் ஆகியோர் இவ்வுண்மையைச் சோதனைகளால் நிறுவினர்.

ஐப்பசி: மழையின் செலவு

வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை. நேர்மின்னேற்றமுள்ள அமோனியத்தை அவை பற்றிக்கொள்ளும். நைட்ரேட்டும் எதிர்மின்னேற்றம் உடையது. ஆகவே அது மண்ணில் ஒட்டாது, நீருடன் கீழிறங்கிவிடும். மழைக்காலத்தில் நிலத்தில் பயிர் நின்றால், அதன் வேர்கள் நைட்ரேட்டைக் கீழே போகுமுன் பிடித்துக்கொள்ளும். வெறும் நிலத்துக்கு அந்தக் காவல் இல்லை.

தை: கணக்கு முடித்தல்

அறுவடை வந்தது. வைக்கோல் பசுவுக்கு, அவரைக்கொடி ஆட்டுக்கு. இவை மீண்டும் எருவாகும். ஆனால் சந்தைக்குப் போன காயும் தானியமும் பாலும் திரும்பி வருவதில்லை. அந்த இழப்பை ஈடுசெய்ய ஒரு பக்கம் வேர்முடிச்சு உழைக்கிறது. மறுபக்கம் ஆடுகள் தரிசிலும் வரப்போரத்திலும் மேய்ந்ததைக் கொண்டுவந்து வயலில் சேர்க்கின்றன. இவ்விரண்டும் போதாத நிலத்தில் வெளியிலிருந்து உரம் வாங்கத்தான் வேண்டும். வரவு குறைந்து செலவு மிகுந்தால், எந்த வீட்டையும் போலவே நிலமும் ஏழையாகும்.

செய்து பாருங்கள்

விதைத்து 40 நாள் ஆன தட்டைப்பயறு அல்லது நிலக்கடலைச் செடி ஒன்றை வேர் அறாமல் தோண்டி எடுங்கள். மண்ணை நீரில் மெல்லக் கழுவுங்கள். பெரிய வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் சேகரிப்பு நடக்கிறது. அந்நிறத்தைத் தருவது லெக்ஹீமோகுளோபின். நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் உறவினர். வெண்மையாகவோ பச்சையாகவோ இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை. உங்கள் ஊரில் இரண்டு, மூன்று வயல்களின் செடிகளை ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். நிலத்தின் உரிமையாளரிடமும் அதைக் காட்டுங்கள்.