கடைக் கணக்கும் கருவூலக் கணக்கும்

முன்னுரை

கொட்டிவாக்கத்தில் பேருந்து ஏறித் திருவான்மியூர், அடையாறு கடந்து ஆழ்வார்ப்பேட்டை சென்றால் டி.டி.கே. சாலையைக் காணலாம். முன்பு மௌபரீஸ் சாலை என வழங்கியது அதுவே. அங்குள்ள மியூசிக் அகாடமியின் பேரரங்கமும் டி.டி.கே.யின் பெயரையே தாங்கி நிற்கிறது. நம் வீட்டுச் சமையலறையில் விசிலடிக்கும் பிரெஸ்டீஜ் குக்கரும் அக்குடும்பத்தாரின் தயாரிப்பே. இத்தனைக்கும் பெயர் தந்த திருவள்ளூர் தட்டை கிருஷ்ணமாச்சாரி யார்? வணிகராகத் தொடங்கி, இருமுறை இந்தியாவின் நிதியமைச்சராகி, இருமுறையும் பதவிக் காலம் முடியுமுன்பே விலகியவர். கடைக் கணக்கை நன்கறிந்த ஒருவர் கருவூலக் கணக்கில் ஏன் இடறினார் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வணிகரும் சட்டமன்றமும்

டி.டி.கே. 1899ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் சென்னையில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றார். 1928இல் தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பெரிய கம்பெனிகளின் பொருள்களைப் பெற்று ஊர் ஊராகக் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பது அதன் தொழில். எப்பொருள் எவ்வூரில் விலைபோகும், எவரிடம் கடன் தங்கும் என்பதையெல்லாம் அனுபவத்தால் அறிந்தவர் அவர்.

1937இல் சென்னை சட்டசபை உறுப்பினரானார். பின்னர் அரசியல் நிர்ணய சபையிலும், அதன் வரைவுக் குழுவிலும் இடம் பெற்றார். வரைவுக் குழுவின் எழுவரில் பலர் வெவ்வேறு காரணங்களால் பணியாற்ற இயலாமற் போக, சுமை முழுவதும் டாக்டர் அம்பேத்கரின் தோளிலேயே விழுந்தது என்று 1948 நவம்பரில் சபையில் எடுத்துரைத்தவர் இவரே. பிறர் உழைப்பை மதித்துச் சொன்ன அச்சொல் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

நிதியமைச்சரின் நான்கு பணிகள்

பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைத் திரட்டுதல், திரட்டியதைக் காத்தல், காத்ததை முறையாகப் பகுத்துச் செலவிடுதல் ஆகிய நான்கும் வல்லதே அரசு என்பது வள்ளுவர் கருத்து. டி.டி.கே.யின் வாழ்வை இந்நான்கையும் அளவுகோலாகக் கொண்டு பார்க்கலாம்.

முதலாவது, வழி உண்டாக்குதல். 1952 முதல் வர்த்தகத் தொழில் துறை அமைச்சராக இருந்தார். பின்னர் எஃகுத் துறையையும் ஏற்றார். பிலாய், ரூர்கேலா, துர்காபூர் எஃகு ஆலைகளுக்கு அடித்தளம் இடப்பட்ட காலம் அது.

இரண்டாவது, திரட்டுதல். 1956 ஆகஸ்டில் நிதியமைச்சரானபோது இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியிருந்தது. அதற்குப் பணம் தேவைப்பட்டது. கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டாரின் அறிக்கையை ஒட்டி, 1957ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சொத்து வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். வணிகர் ஒருவரே செல்வர்மீது வரி விதித்தது பலரை வியக்க வைத்தது. செலவு வரி வெகுகாலம் நிலைக்கவில்லை. சொத்து வரி 2015ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில்தான் நீக்கப்பட்டது.

காவல் தவறியது எவ்வாறு?

மூன்றாவது பணி காத்தல். இடறல் இங்கேதான் நேர்ந்தது. 1956 செப்டம்பர் 1ஆம் நாள் 245 காப்பீட்டு அமைப்புகளின் தொழிலை ஒன்றாக்கி ஆயுள் காப்பீட்டுக் கழகம், அதாவது எல்.ஐ.சி. உருவானது. குடும்பத்தின் நாளைக்காக எளியோர் சிறுகச் சிறுகக் கட்டும் பிரீமியமே அதன் செல்வம். 1957இல் அக்கழகம், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்திரா என்பவரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. அக்கம்பெனிகளோ தள்ளாடிக்கொண்டிருந்தன.

1957 டிசம்பரில் பெரோஸ் காந்தி இதனை மக்களவையில் எழுப்பினார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகனும்கூட. உறவும் கட்சியும் அவரைத் தடுக்கவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா தலைமையில் விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடைபெற்றது. தாம் அனுமதி தரவில்லை என்றார் அமைச்சர். ஆயினும், துறைச் செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பேற்க வேண்டும் என்று நீதிபதி முடிவு கூறினார். அமைச்சர் தமக்கென ஒரு காசும் எடுத்துக்கொண்டதாக அவர் சொல்லவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தை நேருவே படிக்க நேர்ந்தது.

மீண்டும் வந்தார்

1963இல் மறுபடியும் நிதியமைச்சரானார். நான்காவது பணியாகிய பகுத்தலை இக்காலத்தில் காண்கிறோம். நடுத்தரக் குடும்பத்தினரும் சிறு தொகையை முதலீடு செய்ய யூனிட் டிரஸ்ட், தொழில்களுக்கு நீண்டகாலக் கடன் வழங்க இந்தியத் தொழில் வளர்ச்சி வங்கி ஆகிய இரண்டும் 1964இல் செயற்படத் தொடங்கின. ஆனால் தம் மக்களின் வணிகம் குறித்துப் புகார் எழுந்தபோது, 1965 டிசம்பர் 31ஆம் நாள் மீண்டும் விலகினார். 1974இல் மறைந்தார்.

முடிவுரை

கடையில் நட்டம் வந்தால் முதலாளியின் பணம் போகும். அவர் தம் மனத்துக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். கருவூலத்தில் நட்டம் வந்தால் போவது கொட்டிவாக்கம் குப்பத்து மீனவரின் பணம், நம் ஆசிரியையின் பணம், நம் தந்தையின் பணம். ஆகவே அங்குக் கையெழுத்து வேறொருவருடையதாயினும் பொறுப்பு தலைவருடையதே. தொழில் அறிவு டி.டி.கே.க்கு நிறையவே இருந்தது. பொதுப் பணத்துக்கு அது மட்டும் போதாது. ‘என் கீழ் என்ன நடக்கிறது?’ என்று தலைவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ‘எங்கள் பணம் எங்கே?’ என்று மக்களும் கேட்க வேண்டும்.

தோழியரே! நம்முள் சிலர் நாளை வங்கியிலோ அலுவலகத்திலோ அமைச்சரவையிலோ பிறர் பணத்தைக் காக்க நேரலாம். அதற்கு முன், வகுப்பு நிதியின் பத்து ரூபாய்க்கும் கணக்கு எழுதி அனைவர் முன்னும் படிக்கும் பழக்கத்தை இவ்வாண்டே தொடங்குவோம். கணக்குக் கேட்பவளைப் பகையாக எண்ணாதிருப்போம்.