“இதி அவசரமா?”

அன்புள்ள தம்பிக்கு,

சித்தூரில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை போட்டு மூன்று மாதம் ஆகிறது, போன வாரம் ஒரு பழைய லேப்டாப்பில் மூன்று பெயர்களைப் பார்த்துக் கை நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். சிஸ்கோ லீப் மாட்யூல், சிஸ்கோ பீப் மாட்யூல், சிஸ்கோ ஈ.ஏ.பி.-ஃபாஸ்ட் மாட்யூல். மாம்பழக்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிற அந்தப் பெரியவர் திரையைக் காட்டி, “இதி அவசரமா?” என்று கேட்டாராம்.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தமிழ்க் காதில் அதுவே ‘சீக்கிரம்’ என்று விழும். வீட்டில் தமிழும் கடையில் தெலுங்கும் பேசுகிற உனக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் நம் தொழிலில் கை அவசரப்பட்டுவிடுகிறது. தேவையா என்று அவர் கேட்கிறார், நம் விரல் அதற்குள் அன்இன்ஸ்டால் பொத்தானுக்குப் போய்விடுகிறது. நீ நிறுத்தியது சரி.

அந்த மூன்றும் திருட்டுத்தனமாக வந்தவை அல்ல. டெல், ஹெச்.பி. போன்ற கம்பெனிகளின் லேப்டாப்புகளில் வைஃபை டிரைவரோடு சேர்ந்து வந்தவை. வீட்டு வைஃபைக்கு எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட், ஒரே சாவி போல. விண்டோஸ் அதை ‘பெர்சனல்’ என்று காட்டும். பெரிய கம்பெனியிலும் பல்கலைக்கழகத்திலும் அப்படி இல்லை. திருமலை அடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடியில் நிற்பது போல, ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் பாஸ்வேர்டையும் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். பின்னால் ஒரு சர்வர் சரிபார்க்கும். அதற்கு ‘என்டர்பிரைஸ்’ என்று பெயர். சிஸ்கோ மாட்யூல்களுக்கு வேலை இந்த இரண்டாவது வாசலில் மட்டும்தான்.

அதிலும் லீப் காலாவதியான சரக்கு. 2000 வாக்கில் சிஸ்கோ கொண்டுவந்தது. லேசான பாஸ்வேர்ட் வைத்திருந்தால், காற்றில் போகிற தகவலைப் பிடித்து, அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே அதை உடைக்கலாம் என்று ஜோஷ்வா ரைட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2003-ல் காட்டினார். அடுத்த ஆண்டே அதற்கான ‘ஆஸ்லீப்’ என்ற கருவியை வெளியிட்டார். அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ஈ.ஏ.பி.-ஃபாஸ்ட்.

அப்படியானால் அழித்துவிடலாமே என்பாய். எனக்கு நேர்ந்ததைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

திருப்பதியில் நான் கடை வைத்த புதிதில், ஒரு விடுதி மாணவன் விண்டோஸ் 7 லேப்டாப் கொண்டுவந்தான். மெதுவாக ஓடுகிறது என்றான். பட்டியலில் ‘செக்யூர்டபிள்யூ2’ என்று ஒன்று இருந்தது. நான் கேள்விப்படாத பெயர். எதற்கு வைத்திருக்கிறாய் என்று அவனைக் கேட்கவும் இல்லை, எடுத்துவிட்டேன். கடை வைஃபையில் போட்டுப் பார்த்தேன், நன்றாக ஓடியது. காசு வாங்கி அனுப்பினேன். மறுநாள் இரவு கடை அடைக்கும் நேரத்தில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றான். விடுதியில் சிக்னல் முழுதாக இருக்கிறது, பெயரும் பாஸ்வேர்டும் போட்டால் சக்கரம் சுற்றுகிறது, மறுபடி அதையே கேட்கிறது. அன்று நள்ளிரவோடு அவனுடைய விண்ணப்பத்துக்குக் கெடு.

அந்த விடுதி வாசலுக்கு டி.டி.எல்.எஸ். என்ற முறை வேண்டும். விண்டோஸ் 7-ல் அது கிடையாது, விண்டோஸ் 8-ல்தான் கூடவே வந்தது. அந்தக் குறையை நிரப்பத்தான் விடுதிக்காரர்கள் செக்யூர்டபிள்யூ2-வைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். என் கடையில் இருந்ததோ பெர்சனல் வைஃபை. அங்கே சோதித்து ‘ஓடுகிறது’ என்று நான் சொன்னதற்கு ஒரு மதிப்பும் இல்லை. என் மேசையிலேயே உட்கார்ந்து அவன் விண்ணப்பத்தை முடித்தான். அந்தப் பையன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் முதலில் ஆளைக் கேள். “இதை எங்கெல்லாம் எடுத்துப் போகிறீர்கள்? வைஃபைக்குப் பாஸ்வேர்ட் மட்டும் போடுகிறீர்களா, பெயரும் போடுகிறீர்களா?” பிறகு இயந்திரத்தைக் கேள். சேமித்து வைத்த வைஃபை பெயர்கள் அது போய்வந்த இடங்களையெல்லாம் சொல்லிவிடும். ஒவ்வொன்றின் பிராபர்ட்டீஸிலும் செக்யூரிட்டி பக்கத்தைத் திற. எல்லாம் பெர்சனல் என்றால் அந்த மூன்றுக்கும் அங்கே வேலை இல்லை. ஏதாவது ஒன்று என்டர்பிரைஸ் என்றால், கீழே முறையின் பெயரைப் பார். ‘மைக்ரோசாஃப்ட்: புரொடெக்டட் ஈ.ஏ.பி.’ என்றிருந்தால் விண்டோஸே பார்த்துக்கொள்கிறது. ‘சிஸ்கோ:’ என்று ஆரம்பித்தால் தொடாதே, அந்த அலுவலகத்து ஆளிடம் கேட்டுவிட்டுச் செய்.

டிரைவர் வேறு, அதன் மேல் வரும் மென்பொருள் வேறு என்பதையும் மறக்காதே. இன்டெல் புரோசெட் என்ற வைஃபை மென்பொருளை எடுக்கிறேன் என்று டிரைவரையும் சேர்த்து எடுத்துவிட்டால், டிரைவரை இறக்கிக்கொள்ள இன்டர்நெட்டே இருக்காது. முன்கூட்டியே பென்டிரைவில் ஒரு பிரதி வை. அவசரத்துக்குப் போனை யூ.எஸ்.பி. கேபிளில் மாட்டி டெதரிங் போட்டுக்கொள்ளலாம். ரீஸ்டோர் பாயின்ட் வைக்காமல் எதையும் எடுக்காதே.

வெளியிட்டவர் பெயர் இல்லாமல், ஃபைலில் டிஜிட்டல் கையொப்பம் இல்லாமல், ‘வைஃபை பாதுகாப்பு’ என்று சொல்லிக்கொண்டு ஒன்று இருந்தால் அது வேறு கதை. அது ஏறிய தேதியைப் பார். அன்று யாராவது போன் செய்தார்களா, எதையாவது இறக்கச் சொன்னார்களா என்று கேள். தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் நல்ல மென்பொருள்தான். ஆனால் மோசடிக்காரர்கள் அதைப் போடச் சொல்லிப் பணத்தை எடுக்கிறார்கள் என்று 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. அப்படி எதையாவது கண்டால் முதலில் வைஃபையைத் துண்டி. வேறு சாதனத்திலிருந்து வங்கி பாஸ்வேர்டை மாற்றச் சொல். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே பேசச் சொல். அங்கேதான் தமிழ் அவசரம் வேண்டும்.

உன் கணக்கர் ஐயா ஆலையிலும் வீட்டிலும் பாஸ்வேர்ட் மட்டும்தான் போடுகிறார் என்றால், அவருக்கு அந்த மூன்றும் தேவையில்லை. எடுத்தாலும் லேப்டாப்பின் வேகம் கூடாது, அவை அவ்வளவு சிறியவை. மெதுவாக ஓடினால் ஹார்டு டிஸ்கைப் பார். எடுத்துவிட்டு, இனி பாதுகாப்பு என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதே. நீ அனுப்பிய படத்தில் விண்டோஸ் 7 தெரிகிறது. 2020 ஜனவரி 14-க்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டுவிட்டது. அந்த இயந்திரத்தில் ஆலையின் வங்கிக் கணக்கைத் திறக்கிறாரா என்று கேட்டாயா? கேட்டு எழுது. வெள்ளிக்கிழமை சித்தூர் வருகிறேன், பழைய டிரைவர்கள் இருக்கிற என் பென்டிரைவைக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்