மங்கிய ஹெட்லைட்: தேய்ப்பது பாதி வேலைதான்

தை மாதத்தில் என் மைத்துனன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அவனுடைய பழைய காரின் இடப்பக்க ஹெட்லைட் மோர் ஊற்றியதுபோல் மங்கிக் கிடந்தது. வலப்பக்கம் பளிச்சென்று இருந்தது. ‘மாமா, இருபது ரூபா டூத்பேஸ்ட்ல முடிஞ்சிடுச்சு!’ ஆனி பிறப்பதற்குள் இரண்டு பக்கமும் மறுபடி ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன.

‘அது வெறும் அழுக்கு, நன்றாகத் தேய்த்தால் போய்விடும்’ என்பதுதான் எல்லாத் தவறான வைத்தியத்துக்கும் தாய் நம்பிக்கை. அம்பாசிடர் காலத்து வட்ட விளக்குகளின் முகம் கண்ணாடி. அது உடையுமே தவிர மஞ்சளாகாது. இன்றைய கார்களில் இருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். எடை குறைவு, கல் பட்டாலும் எளிதில் உடையாது, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்காது. அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன்மேல் ஒரு மெல்லிய காப்புப் பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். வருடக்கணக்காக வெயிலில் நின்று அந்தப் பூச்சு தேய்ந்து உரிந்த பிறகு, அடியில் உள்ள பிளாஸ்டிக்கே மஞ்சளாகி மங்குகிறது. நாம் பார்ப்பது படிந்த அழுக்கை அல்ல, கெட்டுப்போன மேல்தோலை.

ஒரு குவளைத் தண்ணீரை விளக்கின்மேல் ஊற்றிப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை தெளிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் கோளாறு வெளிப்பக்கத்தில் இருக்கிறது. நுண்ணிய கீறல்களைத் தண்ணீர் நிரப்புவதால் வரும் தெளிவு அது. தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளப்பதும் இதே கதைதான், அடுத்த மழை வரைக்கும்.

சரி, டூத்பேஸ்ட் பொய்யா? பொய் இல்லை. பல்லைத் தேய்க்க அதில் சேர்க்கும் நுண்துகள்கள் பிளாஸ்டிக்கையும் லேசாகத் தேய்க்கும். லேசான மங்கல் என்றால் போகவும் செய்யும். சிக்கல் அதற்குப் பிறகுதான். மிச்சம் மீதி இருந்த காப்பையும் தேய்த்து எடுத்துவிட்டு, தோல் உரிந்த பிளாஸ்டிக்கை நேராகச் சித்திரை வெயிலில் நிறுத்துகிறோம். மைத்துனன் விளக்குக்கு நடந்தது அதுவே. சமையல் சோடாவும் வினிகரும் கலந்தால் நுரை பொங்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து தீர்ந்துவிடும். ஏதாவது வேலை நடந்தால் அது கரையாமல் நிற்கும் சோடாத் தூளின் உராய்வால்தான்.

கொசு விரட்டி வைத்தியம் இதைவிட மோசம். அதிலுள்ள ‘டீட்’ என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கிவிடும். இளகிய பரப்பு கொஞ்ச நேரம் வழவழப்பாகத் தெரிவதைத்தான் வீடியோவில் காட்டுகிறார்கள். வழிந்து பம்பரில் பட்டால் பெயின்ட்டும் போச்சு. பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் எதுவும் பாலிகார்பனேட்டின் பக்கமே வரக்கூடாது. தலைமுடி போல் விரிசல் விடும், அதைத் தேய்த்து எடுக்க முடியாது.

‘பல்பை பவராக மாற்றிவிட்டால் போதும்’ என்பார்கள். வழக்கமான எச்4 பல்பு 60/55 வாட். அந்த இடத்தில் 100/90 வாட் போட்டால் ஹோல்டரும் வயரும் சூடேறி உருகக்கூடும். மங்கிய முகத்தில் பட்ட ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணைத்தான் கூசவைக்கும். அமெரிக்க வாகன ஓட்டிகளின் சங்கமான ஏஏஏ 2018-ல் சோதித்தபோது, மங்கிப்போன விளக்குகள் புதிதில் தந்த ஒளியில் சுமார் 20 சதவீதம்தான் தந்தன. சரிசெய்தபின் அது 70 சதவீதம் அளவுக்கு ஏறியது. புதிது மாற்றினால்தான் முழுசாக வரும்.

உள்ளே நீர் கோத்திருந்தால் வெளியே என்ன தேய்த்தும் பயனில்லை. மழைநாளில் லேசாக ஆவி படர்ந்து, விளக்கு எரிந்ததும் கலைந்தால் கவலை வேண்டாம். சொட்டுச் சொட்டாகத் தேங்கினால் சீல் போயிருக்கிறது, பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

முறையான வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நிழலில் வண்டியை நிறுத்தி, ஷாம்பூ போட்டுக் கழுவி, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பெயின்ட் கடை வாட்டர் பேப்பரில் 800, 1500, 2000, 3000 என்று வரிசையாக, தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். முதல் தாளில் மஞ்சள் பால்போல் வடியும். விளக்கு முன்பைவிட மோசமாக வெளுத்துப் போகும். பயந்து நிறுத்துவதும், இடையில் ஒரு தாளைத் தாண்டிப் போவதும் இந்தக் கட்டத்தில்தான். தாண்டினால் முந்தைய தாளின் கீறல் கடைசிவரை தெரியும். முடித்துக் காயவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். உரிந்துபோன காப்புக்குப் பதில் காப்பு அதுதான். வெறும் மெழுகு நீண்ட நாள் தாங்காது.

கிளியர் கோட்டில் ‘டூ கே’ வகை நீடித்து உழைக்கும். ஆனால் அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. கைக்குட்டை கட்டினால் போதாது, ரசாயன ஆவியை வடிகட்டும் முகமூடி வேண்டும், திறந்தவெளியும் வேண்டும். டப்பாவின் அடியில் உள்ள பொத்தானை அழுத்தியதும் இறுகுவிப்பான் கலந்துவிடும். ஓரிரு நாளில் உள்ளேயே கெட்டியாகிவிடும், எடுத்து வைக்க முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் தன் வண்டிக்கு அடித்து முடித்தபோது டப்பாவில் பாதி மிச்சம். அன்று மாலையே என் வண்டி மூக்கில் மாஸ்கிங் டேப்போடு அவன் வீட்டு வாசலில் நின்றது.